கல்லாற்றில் இறக்கிய பெட்டிகள்

ஞானபாய் கேரளத்துப் பொன்முடி எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளியவள். மார்த்தாண்டம் பக்கத்தில் பிறந்து, கல்யாணமாகி மலையேறி, பிறகு பெரும்பாலும் மலையிலேயே இருந்துவிட்டவள். கணவர் வன்னியராஜுக்குத் தேயிலை ஃபாக்டரியில் இலை உலர்த்தும் மெஷினில் வேலை. பிள்ளைகள் பிறக்கவில்லை. அதைப் பற்றி ஒரு காலத்தில் நிறையப் பேசியிருப்பார்கள். பிறகு பேச்சு நின்றுபோயிற்று. வன்னியராஜின் தம்பி சத்தியதாஸ் அவர்கள் குடியிருந்த லயத்திலேயே, எஸ்டேட் தொழிலாளர் வீட்டு வரிசையில், நாலு வீடு தள்ளி இருந்தான். எஸ்டேட் ஆபீசுக்கு ஜீப் ஓட்டுகிறவன்.

வன்னியராஜின் கால் வீங்க ஆரம்பித்தபோது இருவரும் அதை நின்றுகொண்டே வேலை செய்வதால் வருவது என்று நினைத்தார்கள். முகமும் வீங்கிய பிறகுதான் கீழே போனார்கள். இரண்டு சிறுநீரகமும் முக்கால்வாசி போய்விட்டது என்று திருவனந்தபுரத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வாரத்துக்கு மூன்று நாள் வந்து, ரத்தத்தைச் சுத்தம் செய்கிற மெஷினில் படுக்க வேண்டும். மலையிலிருந்து நகரத்துக்கு பஸ்கள் குறைவு. கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போதே அவருக்கு வாந்தி வந்துவிடும். திரும்பி ஏறும்போது உடம்பில் உயிரே இருக்காது. ஞானபாயின் மடியில் தலையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். கண்டக்டர்கள் எல்லாருக்கும் அவர்களைத் தெரியும். இந்த வாரம் பிழைத்தால் அடுத்த வாரம் பார்க்கலாம் என்கிற கணக்கில் சில மாதங்கள் போயின.

அப்போதுதான் டாக்டர் வேறொரு வழி சொன்னார். வயிற்றில் ஒரு மெல்லிய குழாய் வைத்துவிடுவார்கள். பையில் இருக்கும் மருந்துத் தண்ணீரை அதன் வழியாக வயிற்றுக்குள் இறக்க வேண்டும். சில மணி நேரம் அது உள்ளேயே கிடந்து ரத்தத்தில் இருக்கும் கழிவை இழுத்துக்கொள்ளும். பிறகு அதைக் காலிப் பையில் வடித்துவிட்டுப் புதுப் பையை மாட்ட வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று தடவை. எல்லாம் வீட்டிலேயே. மலையை விட்டு இறங்க வேண்டாம்.

கற்றுக்கொடுத்தது ஆஸ்பத்திரி நர்ஸ் ஸ்மிதா சிஸ்டர். கையை எப்படிக் கழுவுவது, வாயை எப்படிக் கட்டுவது, குழாயின் நுனியை எதன் மேலும் படாமல் எப்படிப் பிடிப்பது என்று பொறுமையாகச் சொல்லித் தந்தாள். ஐந்தாம் வகுப்பு படித்த ஞானபாய் முதல் வாரம் பயத்தில் அழுதாள். இரண்டாவது வாரம் கை பழகிவிட்டது. ஒரு கிருமி உள்ளே போனால் போதும், வயிறு முழுக்கப் பழுத்துவிடும் என்று சிஸ்டர் சொன்னது மட்டும் அவள் மனதில் ஆணியாய் நின்றது. வடிகிற தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும். பையைச் செய்தித்தாளின் மேல் வைத்தால் எழுத்துத் தெரிய வேண்டும். "கலங்கியிருந்தா அப்போதே கிளம்பி வரணும், கேட்டோ. நாளைக்குப் பாக்கலாம்னு இருக்கப்பிடாது" என்பாள்.

லயத்து வீட்டின் உள்ளறையை ஞானபாய் சுண்ணாம்படித்தாள். ஓட்டுக்குக் கீழே பிளாஸ்டிக் ஷீட் கட்டினாள். ஜன்னலுக்கு வலை. அந்த அறைக்குள் சத்தியதாஸைக்கூட விடமாட்டாள். வன்னியராஜின் முகத்தில் வீக்கம் வடிந்து பழைய தாடை தெரிந்தது. சாப்பாடு ருசித்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு நடந்தே போனார். ஓடைக்கரையில் பீன்ஸ் கொடி போட்டார். குழாய் தெரியாமலிருக்கத் தொளதொளவென்று சட்டை போட்டுக்கொண்டு ஃபாக்டரி வாசலில் போய் உட்கார்ந்து பழைய கூட்டாளிகளோடு கேரம் ஆடினார். ஏறக்குறைய இரண்டு வருஷம் அப்படிப் போயிற்று. ஞானபாய் பிறகு என்னிடம் சொன்னாள், கல்யாணமான புதிதில்கூட அவர்கள் அவ்வளவு நேரம் சேர்ந்து இருந்ததில்லை என்று.

மருந்துப் பைகள் மாதம் ஒருமுறை பார்சலில் வரும். கனமான அட்டைப்பெட்டிகள். அம்புக்குறி, குடை, உடையும் கண்ணாடிக் குவளை என்று படங்கள் அச்சடித்திருக்கும். முதலில் கொண்டுவந்த வண்டிக்காரர் ஒரு வயதானவர். எஸ்டேட் கேட் வரைக்கும் ஏறிவந்து, பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தோளிலிருந்து இறக்கிவைத்துவிட்டு, வன்னியராஜைப் பார்த்து நலம் விசாரித்துவிட்டுப் போவார். பிறகு பார்சல் வேலை வேறொரு கம்பெனிக்குப் போயிற்று. மலைப்பாதைக்கு எங்கள் வண்டி ஏறாது என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். மலையடிவாரத்தில் கல்லாற்றில் திரவியம் அண்ணாச்சியின் பலசரக்குக் கடையில் இறக்கிவைப்பார்கள். அங்கிருந்து சத்தியதாஸின் ஜீப்பில் மேலே கொண்டுபோக வேண்டும்.

புது ஏற்பாட்டில் முதல் தடவையே ஒரு பெட்டியின் மூலை நசுங்கியிருந்தது. உள்ளே ஒரு பை கசிந்திருந்தது. அடுத்த தடவை இரண்டு மூன்று. மாதத்துக்குத் தேவையானதற்கு மேல் கொஞ்சம் கையிருப்பு எப்போதும் வைத்திருந்ததால் சமாளித்துக்கொண்டாள். சிஸ்டரிடம் சொன்னாள், சிஸ்டர் மேலதிகாரிகளிடம் சொன்னாள். கையிருப்பு மட்டும் மாதாமாதம் கரைந்துகொண்டே வந்தது.

ஆடி மழை பிடித்துக்கொண்ட சமயம். அந்த மாதப் பார்சல் தாமதமாகிவிட்டது. வீட்டில் கடைசிப் பெட்டியைப் பிரித்திருந்தார்கள். பகல் பையை மாட்டிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. பார்சல் கல்லாற்றுக்கு வந்துவிட்டது, மெசேஜில் வந்த நம்பரைச் சொல்லுங்கள் என்றான் ஒருவன். வன்னியராஜ் சொன்னார். பெட்டி எல்லாம் சரியாக இருக்கிறதா என்று அவர் கேட்பதற்குள் லைன் போய்விட்டது.

ஞானபாய் ஜீப்பில் இறங்கிப் போனாள். திரவியம் கடை வாசலில் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து கிடந்தன. சில தலைகீழாக. அடியில் கிடந்தவை நனைந்து ஊறிப்போயிருந்தன. மழையில்தான் நனைந்திருக்கும் என்று அவள் முதலில் நினைத்தாள். ஆனால் பெட்டிகளின் ஓரமெல்லாம் எறும்பு சாரிசாரியாக மொய்த்திருந்தது. மருந்துத் தண்ணீரில் சர்க்கரைச் சத்து உண்டு. அவள் ஈர அட்டையில் விரலை வைத்து எடுத்தாள். பிசுபிசுவென்று ஒட்டியது.

"மழத் தண்ணி இல்ல பிள்ளே," என்றார் திரவியம். அவருக்குச் சொல்லவே கஷ்டமாக இருந்தது. "லாறியில இருந்து ஒருத்தன் எறிஞ்சான், கீழ ஒருத்தன் பிடிச்சான். பாதி அவன் கையில நிக்கல. மருந்தாக்கும், மெதுவா எறக்குங்கடேன்னு நான் சொன்னேன். அடுத்த லோடு உண்டு, நேரமில்லங்கான். பெட்டிகளுக்க மேல டைல்ஸ் கட்டு ஏத்தி வச்சிருந்தானுவ. இங்க வரதுக்கு முன்னயே நசுங்கியிருக்கும்."

கடைக்குள் பெஞ்சைத் துடைத்துவிட்டு, அதன்மேல் சுத்தமான துணி விரித்து, ஞானபாய் ஒவ்வொரு பையாக எடுத்தாள். சிஸ்டர் சொல்லித் தந்தபடி இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தாள். சில பைகள் மேலுறைக்குள்ளேயே மிதந்துகொண்டிருந்தன. சிலவற்றில் அழுத்தியதும் ஊசித்துளை வழியாக நூல் மாதிரி தண்ணீர் பீய்ச்சியது. சில வெளியே பார்க்க நன்றாக இருந்து, குழாய் சேரும் இடத்தில் விட்டிருந்தன. திரவியம் கசிந்ததையெல்லாம் எடுத்து ஒரு சாக்கில் போட்டார். சாக்கு நிறைந்து இன்னொரு சாக்கும் எடுக்க வேண்டியிருந்தது. கடைசியில் பெஞ்சில் மிஞ்சியது ஒரு கைக்குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையிலும் அணைத்துத் தூக்கிவிடக்கூடிய அளவுதான்.

ஒரு பையில் மட்டும் அவளுக்குத் தீர்மானம் வரவில்லை. மேலுறைக்குள் நாலைந்து துளி ஈரம். எவ்வளவு அழுத்தியும் எங்கிருந்தும் கசியவில்லை. உறைக்குள் வியர்த்த ஈரமாகவும் இருக்கலாம், கசிந்த ஈரமாகவும் இருக்கலாம். அதைச் சாக்கில் போடக் கை போனது, திரும்பி வந்தது. தனியாக ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டாள்.

கம்பெனிக்குப் போன் செய்தார்கள். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று இங்கிலீஷ் குரல் சொல்லி முடித்த பிறகு ஒரு பெண் பேசினாள். நீங்களே நம்பர் கொடுத்து நல்ல நிலையில் பெற்றுக்கொண்டதாகத்தான் இங்கே காட்டுகிறது என்றாள். போட்டோ அனுப்பினால் விசாரித்து ஏழு வேலை நாளுக்குள் பதில் வரும். ஏழு நாளில் ஆளே இருக்கமாட்டார் என்று திரவியம் போனை வாங்கிச் சொன்னார். அந்தப் பெண் வருத்தம் தெரிவித்தாள். வேறேதாவது உதவி வேண்டுமா என்றும் கேட்டாள்.

அடுத்து ஸ்மிதா சிஸ்டருக்கு. சிஸ்டர் விசாரித்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டாள். ஆஸ்பத்திரியிலும் இந்த மாதம் கையிருப்பில்லை. ஆனால் வன்னியராஜின் பார்சலில் பாதிதான் கல்லாற்றுக்கு வந்திருக்கிறது, மீதிப் பெட்டிகள் நகரத்தில் கம்பெனியின் கோடவுனிலேயே கிடக்கின்றன. சொல்லிவைக்கிறேன், இரண்டு நாளில் வந்துவிடும். முடியாமல் போனால் அவரைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே வந்துவிடுங்கள் என்றாள்.

இரண்டு நாள் என்றால் கணக்காகப் போதும். ஞானபாய் சற்று மூச்சு விட்டாள். அன்று மாலை அவர்கள் ஜீப் ஏறி மேலே போன சற்று நேரத்தில் ஒரு வளைவில் மண் சரிந்து, மரத்தோடு வந்து பாதையில் விழுந்தது. பஸ் நின்றது. கரண்ட் போயிற்று. போன் டவரும் போயிற்று.

மூன்று பை போட வேண்டிய இடத்தில் அவள் இரண்டு போட ஆரம்பித்தாள். வன்னியராஜிடம் சொல்லவில்லை. மழையில் நேரம் பிந்திப்போயிற்று, நீங்கள் தூங்கிவிட்டீர்கள் என்று எதையோ சொன்னாள். அவர் நம்புகிற மாதிரி இருந்தார். மறுநாள் காலையில் கண்ணுக்குக் கீழே உப்பியிருந்தது. அதற்கடுத்த நாள் செருப்பு காலில் ஏறவில்லை. படுத்தால் மூச்சு வாங்குகிறது என்று சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தார். இரண்டு நாள் என்று சொன்ன பெட்டிகள் வரவில்லை. வந்தாலும் மண்சரிவைத் தாண்டி யார் கொண்டுவருவார்கள்? அவரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போகலாமா என்று சத்தியதாஸிடம் கேட்டாள். சேறு இடுப்பளவு நெகிழ்ந்து கிடக்கிறது, ஆளைச் சுமந்து தாண்ட முடியாது, ஒற்றை ஆள் வேண்டுமானால் வேரைப் பிடித்து இறங்கிவிடலாம் என்றான் அவன். தானே போய்வருவதாகவும் சொன்னான்.

அவள் ஒப்பவில்லை. அவனுக்கு எந்தப் பெட்டி, எந்தப் பை என்று தெரியாது. இன்னும் உடைந்ததையே தூக்கிக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு வந்துவிடுவான். விடிந்ததும் மிச்சமிருந்த கடைசி நல்ல பையைக் கணவருக்கு மாட்டினாள். மத்தியானத்துக்குள் வந்துவிடுகிறேன் என்றாள்.

"நீ போனா வந்துருவேன்னு எனக்குத் தெரியாதா," என்றார் வன்னியராஜ். "என்னத்துக்கு இப்பிடி நடுங்குத?"

மண்சரிவை அவள் எப்படித் தாண்டினாள் என்று அவளுக்கே சரியாக நினைவில்லை. சேலை முழங்காலுக்கு மேல் சேறாகி, உள்ளங்கை கிழிந்து, ஒரு செருப்பு சேற்றோடு போயிற்று. மற்றதையும் கழற்றி எறிந்தாள். கல்லாற்றில் திரவியத்தின் மனைவி வேறு சேலை கொடுத்து, தன் செருப்பையும் கழற்றிக் கொடுத்தாள். திருவனந்தபுரத்தில் தம்பானூரில் பஸ் இறங்கியபோது மத்தியானமே ஆகிவிட்டது. கோடவுன் ரயில் பாதைக்குப் பின்னால், லாட்ஜுகள் முடிகிற இடத்தில் இருந்தது. ஆட்டோக்காரர்களிடம் கேட்டுக் கேட்டு நடந்தாள்.

தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. ஒரு லாரி பின்பக்கமாக நுழைந்து நின்றிருந்தது. மேலே இரண்டு பேர், கீழே நாலைந்து பேர். பெட்டிகள் காற்றில் பறந்துகொண்டிருந்தன. டிவிப் பெட்டி, அரிசி மூட்டை, கண்ணாடி என்று எழுதிய பெட்டி, எல்லாம் ஒரே வேகத்தில். யாரும் கோபத்தில் எறியவில்லை. சிரித்துப் பேசிக்கொண்டேதான் எறிந்தார்கள். எதைப் பார்த்தும் அவர்கள் கை நிற்கவில்லை. ஒரு பெட்டி விழுந்து உள்ளே ஏதோ நொறுங்கிய சத்தம் கேட்டது. ஒருவன் அதைக் காலால் ஓரத்துக்குத் தள்ளினான். ஞானபாய் வாசலிலேயே நின்றுவிட்டாள். அந்தக் காட்சியைப் பற்றிச் சொல்லும்போது, தன் வீட்டு ஆளையே தூக்கி எறிவது போல இருந்தது என்றாள்.

பொறுப்பாளர் அனூப் என்று ஒரு இளைஞன். கையில் ஸ்கேன் செய்கிற கருவி. அவன் அவளைத் திட்டவில்லை, விரட்டவில்லை. சேச்சி சேச்சி என்றுதான் பேசினான். பெயரை அடித்துப் பார்த்து, பெட்டிகள் இங்கேதான் இருக்கின்றன, ஆனால் பதிந்த போனுக்கு வரும் நம்பரைச் சொன்னால்தான் கொடுக்க முடியும் என்றான். பதிந்த போன் மலையில் வன்னியராஜின் தலைமாட்டில் கிடந்தது. டவர் இல்லை. அவன் இரண்டு முறை அடித்துப் பார்த்துவிட்டுக் கையை விரித்தான். சிஸ்டம் சம்மதிக்காது, நாளைக்கு வரச் சொன்னான்.

பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் கண் பெட்டிகளைத் தேடியது. சுவரோரமாக அம்புக்குறியும் குடையும் தெரிந்தன. அவற்றின் மேல் பெயின்ட் டப்பாக்கள் அடுக்கிய கட்டு ஒன்று. லாரியிலிருந்து வருகிற அடுத்த பெட்டியும் அந்தப் பக்கமாகத்தான் போய் விழுந்தது. ஞானபாய் யாரையும் கேட்காமல் உள்ளே நடந்தாள். பெயின்ட் கட்டைப் பிடித்து இழுத்துக் கீழே இறக்கினாள். பிறகு அந்தப் பெட்டிகளின் மேல் குப்புறப் படுத்துக் கையை விரித்துக்கொண்டாள். இனி எதை எறிந்தாலும் அவள் முதுகில்தான் விழ வேண்டும்.

எறிந்துகொண்டிருந்தவர்கள் நின்றார்கள். அனூப் ஓடிவந்தான்.

"சேச்சி, இது பற்றில்ல. இப்படிப் பண்ணக் கூடாது. எழுந்திரிங்க. கேமரா உண்டு. எனக்கு ஜோலி போகும்."

ஞானபாய் எழுந்திருக்கவில்லை. அவள் குரல் உயரவும் இல்லை.

"இதுல இருக்கது என் வீட்டுக்காரருக்க மூத்திரமாக்கும் மோனே. அவருக்கு அது போவாது. இந்தத் தண்ணி உள்ள போனாதான் அது வெளிய வரும். நீங்க எறிஞ்சதுல எல்லாம் பொட்டிப் போச்சு. இன்னைக்குக் காலையில இருந்தத கடைசியா மாட்டிட்டு வந்திருக்கேன். எனக்கு நம்பர் ஒண்ணும் தெரியாது. நான் இத விட்டு எழும்பமாட்டேன்."

 அனூப் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. ஒரு லாரி காலியாக எவ்வளவு நேரம் என்று மேலே யாரோ எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். நேரம் மீறினால் அன்றைய கூலியில் கைவைப்பார்கள் என்று அவனே அவளிடம் பிறகு சொன்னான். மேலதிகாரிக்குப் போன் செய்தான். வாசலுக்குப் போய்ப் பேசினான், திரும்பிவந்து பேசினான். கடைசியில் ஒரே ஒரு வழிதான் இருந்தது. சேதமான சரக்கு என்று போட்டால் நம்பர் இல்லாமல் வெளியே விடலாம். முழுதாக இருந்த பெட்டிகளுக்கு உடைந்ததாகக் குறி போட்டு, அவன் அவற்றை அவளிடம் தள்ளிவிட்டான். பையை அழுத்திப் பார்க்கக் கொட்டகையின் மூலையில் இடமும் கொடுத்தான். அடியில் இருந்த பெட்டியைத் தவிர மற்றவை நன்றாக இருந்தன. எறிந்துகொண்டிருந்த ஆட்களில் இருவரே ஆட்டோ வரை தூக்கிக்கொண்டுவந்து, மெதுவாக இறக்கிவைத்தார்கள்.

அதையெல்லாம் முடித்து, பஸ் மாறி, கல்லாறு வந்து, அங்கே அவளுக்காகக் காத்திருந்த சத்தியதாஸும் லயத்து ஆட்களும் பெட்டிகளைத் தலையில் வைத்து மண்சரிவைத் தாண்டி வீடு சேரும்போது விளக்கு வைக்கிற நேரம்.

வன்னியராஜ் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். காலையில் பார்த்ததைவிட மூச்சு சீராக இருந்தது. ஞானபாய்க்கு அது சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் உள்ளறைக்குள் நுழைந்ததும் அவள் கண் மூலையில் இருந்த வாளியில் விழுந்தது. அதில் கழிவுப் பை கிடந்தது. காலையில் அவள் மாட்டிவிட்டுப் போன தண்ணீர் அதில் வடிந்திருந்தது. அப்படியானால் இப்போது அவர் வயிற்றுக்குள் இருப்பது எது? கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். சந்தேகப் பையைச் சுற்றி வைத்திருந்த துணி மட்டும் இருந்தது.

"அதையா போட்டீங்க?" என்றாள்.

"மூச்சு முட்டிச்சு பிள்ளே," என்றார் அவர். "வாசல்ல வந்து நிக்கக்கூட முடியல. நீ மழையில எங்க கிடக்கியோன்னு இருந்துது. அந்தப் பையப் பாத்தேன். நல்லாத்தான் இருந்துது. கையெல்லாம் சோப்பு போட்டுத்தான் களுவினேன்."

அவர் சின்னப் பிள்ளை மாதிரிக் கையை நீட்டிக் காட்டினார்.  அந்தப் பையை மலைக்குக் கொண்டுவந்தது ஞானபாய்தான். சாக்கில் போட்டிருந்தால் போட்டது போட்டதுதான். இல்லாத நேரத்துக்கு இருக்கட்டும் என்று எடுத்து வைத்தவள் அவள். உள்ளே இருந்ததை உடனே வடித்துவிட்டு, நல்ல பையை மாட்டினாள். வடித்த தண்ணீரைச் செய்தித்தாளின் மேல் வைத்து மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பார்த்தாள். எழுத்து தெரிந்தது. மறுநாள் காலையும் தெரிந்தது. மத்தியானமும். கர்த்தர் காப்பாற்றிவிட்டார் என்று சத்தியதாஸிடம் சொன்னாள். அன்று பகலெல்லாம் சரிவு மண்ணை எந்திரம் வைத்து அள்ளும் சத்தம் மேலே கேட்டுக்கொண்டே இருந்தது.

அதற்கடுத்த நாள் விடியலில் வன்னியராஜ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார். வடித்த பை அரிசி கழுவிய தண்ணீர் போல இருந்தது. தாளின் மேல் வைத்தாள். பெரிய எழுத்தில் இருந்த தலைப்புச் செய்திகூடத் தெரியவில்லை. விலக்கிப் பார்த்தாள், மறுபடி வைத்துப் பார்த்தாள்.

நல்லவேளையாகப் பாதை ஒரு வண்டி போகிற அளவுக்குத் திறந்திருந்தது. ஜீப்பில் வளைவுக்கு வளைவு அவர் அலறிக்கொண்டு வந்தார். அவள் கலங்கிய பையையும் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அதைக் கொண்டுவர வேண்டும் என்று சிஸ்டர் எப்போதோ சொல்லியிருந்தாள். ஆஸ்பத்திரியில் சிஸ்டர் அந்தப் பையைப் பார்த்தாள். பிறகு ஞானபாயைப் பார்த்தாள். உள்ளே எடுத்துக்கொண்டு போனாள்.

பைக்குள்ளேயே மருந்து கலந்து வயிற்றுக்குள் செலுத்தினார்கள். ஜுரம் இறங்கவில்லை. வேறு மருந்து மாற்றினார்கள். சில நாள் அவருக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. ஞானபாயை யாரோ நர்ஸ் என்று நினைத்து, என் வீட்டுக்காரி மழையில் போயிருக்கிறாள், வந்துவிட்டாளா என்று கேட்டார். வந்துட்டேன் என்று அவள் சொன்னால் தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் அதையே கேட்டார். வார்டுக்கு வெளியே வராந்தாவில் பாயை விரித்துக் கிடந்த மற்றப் பெண்களிடம் அவள் பேசவில்லை, சாப்பிடவும் இல்லை. ஒரு நாள் சிஸ்டர் வலுக்கட்டாயமாகக் கேன்டீனுக்குக் கூட்டிப்போய்த் தோசை வாங்கிக் கொடுத்தபோது, நான்தான் கொன்றேன் என்று மட்டும் சொன்னாளாம். ஆள் சாகவில்லையே சேச்சி என்றாளாம் சிஸ்டர்.

சாகவில்லை. வயிற்றிலிருந்த குழாயை அறுத்தெடுத்த பிறகுதான் ஜுரம் இறங்கியது. உள்ளே நிறைய ஒட்டிப் புண்ணாகிவிட்டது, இப்போதைக்கு மறுபடியும் குழாய் வைக்க முடியாது, மெஷின்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வாரத்துக்கு மூன்று நாள்.

மலையிலிருந்து போய்வருகிற உடம்பு இல்லை அது. தம்பானூருக்குப் பின்னால் ஒற்றை அறை ஒன்றைப் பார்த்துக் கொடுத்தான் சத்தியதாஸ். லயத்து வீட்டை எஸ்டேட் திரும்ப எடுத்துக்கொண்டது. ஞானபாய் அருகிலிருந்த லாட்ஜில் போர்வை, தலையணை உறை துவைக்கிற வேலைக்குச் சேர்ந்தாள். நான் அவளைப் பார்த்தது அங்கேதான். மொட்டை மாடியில் வெள்ளைத் துணிகளைக் காயப் போட்டுக்கொண்டே இதையெல்லாம் சொன்னாள். அழவில்லை. இடையிடையே கிளிப் எடுக்கக் குனிவாள். அந்த நேரம் பேச்சு நிற்கும்.

கம்பெனியிலிருந்து மெசேஜ் வந்தது, உங்கள் புகார் தீர்க்கப்பட்டுவிட்டது என்று. வன்னியராஜ் ஐ.சி.யூவில் இருந்தபோது வந்திருக்கிறது. சிஸ்டரும் டாக்டரும் கேட்டதற்கு, பெட்டிகளைக் கட்டியவர்கள் சரியாகக் கட்டவில்லை என்று பார்சல் கம்பெனி சொன்னது. ஏற்றியவர்கள் சரியாக ஏற்றவில்லை என்று மருந்துக் கம்பெனி சொன்னது. திரவியம் தன் கடையில் இனி பார்சல் இறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஒரு வருஷம் கழித்து டாக்டர் வன்னியராஜைப் பரிசோதித்துவிட்டு, வயிறு ஓரளவு ஆறியிருக்கிறது, மறுபடியும் குழாய் வைத்துப் பார்க்கலாம் என்றார். வன்னியராஜின் முகம் மலர்ந்தது. அவ்வளவு நாளில் அவர் அப்படிச் சிரித்து ஞானபாய் பார்க்கவில்லை. "அப்போ மேல போயிரலாம் ஞானம்," என்றார். "தம்பி தாசு வீட்டுலயே நம்ம பழைய உள்ளற மாதிரி ஒரு முறி கிடக்கு. சுண்ணாம்படிச்சா போதும்."

ஞானபாய் ஸ்மிதா சிஸ்டரைத் தனியாகக் கூப்பிட்டுப் போனாள். பார்சல் இப்போது யார் கொண்டுவருகிறார்கள் என்று கேட்டாள்.

சிஸ்டர் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "அவங்கதான் சேச்சி," என்றாள். "வேற ஆரும் இல்ல."

ஞானபாய் திரும்பி வந்து, வேண்டாம் டாக்டர், இந்த மெஷினே இருக்கட்டும் என்றாள். ஏன் என்று டாக்டர் கேட்டார். அவள் மேசையில் கிடந்த சீட்டை எடுத்து மடித்தாள். டாக்டர் வன்னியராஜைப் பார்த்தார். வன்னியராஜ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கோபமா, வருத்தமா, அல்லது அவள் பயம் அவருக்கும் புரிந்ததா என்று ஞானபாய்க்கு இன்றுவரை தெரியாது. இருவரும் அறைக்குத் திரும்பினார்கள். கஞ்சி வைத்துக் கொடுத்தாள், குடித்தார். பிறகு அவள் லாட்ஜுக்குப் போய் நனைத்துப் போட்டிருந்த துணிகளை அலச ஆரம்பித்தாள்.